பந்துக்குள் போன பால்

மதுரையிலிருந்து மேலூர் போகும் வழியில் வெள்ளரிப்பட்டி. டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா டயர் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. ஷிப்டு முடிந்து பைக்கில் வெளியே வருகிறவர்களில் பலர் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள். இன்று ரப்பர் அவர்களுக்கு மாதச் சம்பளம், பி.எஃப்., தீபாவளி போனஸ். நூறு வருஷத்துக்கு முன்னால் இதே சீமைக்கு ரப்பர் கங்காணியின் உருவத்தில் வந்தது. தலைப்பாகையும் கோட்டுமாக ஊருக்குள் நுழைந்து, மலேயாவில் மரத்தைக் கீறினால் காசு கொட்டும் என்று சொல்லி ஆள் சேர்த்துக்கொண்டு போனது.

அந்தப் பாலின் பயணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். அது பிரேசில் காட்டில் தொடங்குகிறது. நடுவில் ஓர் ஆஸ்திரேலியரின் வாழ்க்கை வழியாகப் போகிறது. ஆறடி நாலு அங்குல உயரம், ரக்பி ஆட்டத்தில் தன் நாட்டுக்காக இறங்கியவர், பிறகு படை மருத்துவராகப் போய்ப் பட்டமும் விருதும் பெற்றவர். பெயர் எர்னஸ்ட் எட்வர்ட் டன்லப். அந்தப் பெயருக்கும் ரப்பருக்கும் உள்ள உறவு தற்செயலானது. அவர் வாழ்க்கைக்கும் நம் பக்கத்து மனிதர்களின் வாழ்க்கைக்கும் உள்ள உறவு அப்படிப்பட்டதில்லை.

1876-ல் ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் அமேசான் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். முளைத்தவை சில ஆயிரம்தான். அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குக் கப்பலேறியது. மறு வருஷம் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அதே 1876-ல்தான் நம் பக்கம் தாது வருஷப் பஞ்சம் தொடங்கியது. மதுரைத் தெருக்களில் கஞ்சித்தொட்டி வைத்த காலம். இங்கே மனிதர்கள் பிடி அரிசி இல்லாமல் ஊரைவிட்டு நடந்துகொண்டிருந்தபோது, பின்னாளில் அவர்களின் பிள்ளைகளை வேலைக்கு இழுக்கப்போகும் மரம் கியூவின் கண்ணாடிக் கூடத்தில் இரண்டு இலை விட்டுக்கொண்டிருந்தது.

1895-ல் பெரியாறு அணை வந்தது. மேலூர்ப் பக்கம் கால்வாய்த் தண்ணீர் பாய்ந்தது. வைகை நீரும் பெரியாற்று நீரும் எட்டாத மானாவாரிக் காடுகள் வானத்தைப் பார்த்தபடியே கிடந்தன. கங்காணிக்கு ஆள் கிடைத்தது அப்படிப்பட்ட இடங்களில்தான். மலேயாவுக்குப் போனவர்களில் திருச்சி, தஞ்சை, வட ஆற்காட்டுக்காரர்களே கூடுதல் என்றாலும் மதுரை, ராமநாதபுரத்துச் சனங்களும் நிறைய உண்டு. நாகப்பட்டினம் டிப்போவில் பேர் பதிந்து, அடுக்கடுக்காக ஆள் படுத்த கப்பலில் போய்ப் பினாங்கில் இறங்கி, தடுப்பு முகாமில் நாள் கழித்து, அங்கிருந்து லாரியில் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

பால் வெட்டுவது எப்படி என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். விடிவதற்கு முன் பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் முந்நூறு, நானூறு மரம் கணக்கு. இருட்டில் விளக்கோடு போய், முந்தின வெட்டில் உறைந்து நிற்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட்டுவிட்டு, கத்தியின் வளைந்த நுனியால் பட்டையைச் சாய்வாகச் சீவ வேண்டும். தாள் கனத்துக்குச் சீவினால் போதும். ஆழம் குறைந்தால் பால் வராது. ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம், வெட்டினவனுக்குக் கூலிப் பிடித்தம். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும், மழை பெய்தால் கோப்பையில் தண்ணீர் கலந்துவிடும். பத்து மணிக்குமேல் திரும்பிப் போய்க் கோப்பை கோப்பையாக வாளியில் ஊற்றிச் சுமந்துகொண்டு போய் நிறுவைக்கு நிற்க வேண்டும். அதன்பின் ஆசிட் ஊற்றி உறைய வைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, புகையில் உலர்த்தினால் கப்பலுக்குத் தயார். இந்த வேலையில் பெண்கள் ஆண்களுக்கு இணையாக நின்றார்கள். குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். 1930-களில் நல்ல காலத்தில் ஆணுக்கு ஒரு நாள் கூலி ஐம்பது காசு. பெண்ணுக்கு அதிலும் குறைவு.

அங்கிருந்து அந்தத் தகடு எங்கே போனது? பெரும்பகுதி டயருக்கு. 1888-ல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தன் பையனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் செய்து கொடுத்தார். அந்தப் பெயரில் வளர்ந்த கம்பெனி பின்னர் மலேயாவில் தனக்கென்றே பெரிய தோட்டங்கள் வாங்கியது. சென்னை அம்பத்தூரில் 1959-ல் அதே பெயரில் ஆலை வந்தது பலருக்கு நினைவிருக்கும்.

இன்னொரு சிறு பகுதி பந்துக்குள் போனது. இங்கிலாந்தில் ரக்பி என்ற ஊரில், அந்த ஊர்ப் பள்ளிக்குப் பக்கத்தில், ரிச்சர்ட் லிண்டன் என்ற தோல் வேலைக்காரர் பந்து தைத்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் பந்துக்குள் வைப்பது பன்றியின் சிறுநீர்ப்பை. அதை வாயால் ஊதி நிரப்ப வேண்டும். லிண்டனின் மனைவி அந்த வேலையைச் செய்து, நோய்ப்பட்ட பைகளிலிருந்து நுரையீரலில் நோய் தொற்றி இறந்துபோனார் என்று சொல்வார்கள். 1862 வாக்கில் லிண்டன் ரப்பர்ப் பை செய்தார். அதை நிரப்பக் காற்றடிக்கும் பம்பும் செய்தார். அன்று முதல் ரக்பிப் பந்து என்பது மேலே நாலு துண்டுத் தோல், உள்ளே ரப்பர். அப்போது காட்டு ரப்பர். மலேயா மரங்கள் பால் கொடுக்கத் தொடங்கியபின் தோட்ட ரப்பர்.

இலங்கையின் சபரகமுவாவிலோ மலேயாவின் சிலாங்கூரிலோ வெட்டிய பால் சிட்னி மைதானத்துப் பந்துக்குள் போயிருக்கும் என்பதில் வியப்பில்லை. 1932 ஜூலை 23-ந் தேதி அந்த மைதானத்தில் நியூசிலாந்துக்கு எதிராக ஆஸ்திரேலிய அணியில் முதல் முறையாக இறங்கினார் டன்லப். வயது 25. எண் 8 இடத்தில் ஆடினார்.

அவர் வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். 1907 ஜூலை 12-ல் விக்டோரியா மாநிலத்தில் வாங்கரட்டாவில் பிறந்தார். கோதுமை விளையும் பண்ணையில் வளர்ந்த பிள்ளை. பெனால்லாவில் மருந்துக்கடையில் வேலை பழகி, மெல்பர்ன் போய் மருந்தாளுநர் படிப்பு முடித்து, உதவித்தொகையோடு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே குத்துச்சண்டை போட்டார். 1931-ல் ரக்பியில் பல்கலைக்கழகத்தின் கடைசி அணியில் ஆடத் தொடங்கி, அடுத்த வருஷமே நாட்டு அணிக்கு வந்துவிட்டார். விக்டோரியாவில் ரக்பி பெரிதாக ஆடப்படாத ஆட்டம். அங்கிருந்து ஒருவர் இவ்வளவு சீக்கிரம் மேலே வந்தது அபூர்வம். கல்லூரித் தோழர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘வியரி’. டன்லப் என்றதும் டயர், டயர் என்றதும் ‘டயர்ட்’, அதாவது களைப்பு என்று ஆங்கிலச் சொல் விளையாட்டில் வந்த பெயர். மனிதர் களைக்கவே மாட்டார். ஆனாலும் சாகும்வரை நாடே அவரை அப்படித்தான் கூப்பிட்டது.

1934-ல் மருத்துவத்தில் முதல் வகுப்பில் தேறினார். அதே வருஷம் நியூசிலாந்துக்கு எதிரான முதல் டெஸ்டில் லாக் இடத்தில் ஆடினார். ஆஸ்திரேலியா 25–11 என்று ஜெயித்தது. அடுத்த டெஸ்ட் சமனில் முடிய, இரு நாடுகளும் போட்டியிடும் பிளெடிஸ்லோ கோப்பை முதல் முறையாக ஆஸ்திரேலியாவுக்குப் போனது.

இதே வருஷங்களில் மலேயாவில் என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். உலகப் பொருளாதாரம் விழுந்து, 1932-ல் ரப்பர் விலை பாதாளத்துக்குப் போயிருந்தது. கூலி பாதியானது. வேலை இல்லாத தமிழர்களைக் கப்பல் கப்பலாக நாகப்பட்டினத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். விலை ஏறியதும் மறுபடி கூப்பிட்டார்கள். மறுபடி போனார்கள். ஊரில் இருந்த நிலைமை அப்படி. 1938-ல் இந்திய அரசு கூலி ஆள் சேர்ப்பைத் தடுத்தபோது லட்சக்கணக்கான தமிழர்கள் மலேயாவிலேயே வேர் பிடித்திருந்தார்கள்.

டன்லப் 1938-ல் லண்டன் போய் அறுவை மருத்துவத்தில் எஃப்.ஆர்.சி.எஸ். வாங்கினார். போர் வந்ததும் ஆஸ்திரேலியப் படையின் மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். பாலஸ்தீனம், கிரீஸ், கிரீட், டோப்ருக் என்று போர்முனைகளில் வேலை செய்துவிட்டு, 1942-ல் ஜாவாவில் வந்து இறங்கினார். பாண்டுங் நகரில் நேசநாட்டு மருத்துவமனைக்குத் தலைவர். மார்ச்சில் ஜாவா விழுந்தது. மருத்துவமனையோடு சேர்த்து அவரும் ஜப்பானியரிடம் கைதியானார்.

அங்கே பில் கிரிஃபித்ஸ் என்று ஓர் ஆங்கிலேய விமானப் படையாள். வெடியில் இரண்டு கண்ணும் போய், இரண்டு கையும் போய்ப் படுத்துக் கிடந்தார். இவன் எதற்கு உயிரோடு என்று ஜப்பானியர் துப்பாக்கி முனைக் கத்தியை ஓங்கியபோது, டன்லப் படுக்கைக்கும் கத்திக்கும் நடுவே போய் நின்றார். ரக்பியில் எதிராளியின் வழியில் உடம்பைக் கொண்டுபோய் நிறுத்தப் பழகியவர். கத்தி இறங்கவில்லை. கிரிஃபித்ஸ் ஊர் திரும்பி, பின்னாளில் மாற்றுத்திறனாளி விளையாட்டு வீரராகப் பேர் வாங்கினார்.

சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15-ல் விழுந்தது. ரப்பரின் கதையில் அந்த நாள் பெரிய திருப்பம். உலகத்தின் தோட்ட ரப்பரில் மிகப் பெரும்பகுதி சில மாதங்களுக்குள் ஜப்பானியர் கைக்குப் போனது. அமெரிக்காவும் பிரிட்டனும் டயருக்குத் திண்டாடின. நம் ஊரிலும் பெட்ரோல் தட்டுப்பாடு வந்து, டி.வி.எஸ். நிறுவனம் செய்து கொடுத்த கரிவாயுக் கலத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு மதுரைச் சாலைகளில் பஸ் ஓடியது. மலேயாவில் நிலைமை நேர்மாறு. ஜப்பானுக்கு அவ்வளவு ரப்பர் தேவையில்லை, ஏற்றிக்கொண்டு போகக் கப்பலும் இல்லை. பால் வெட்டு நின்றது. தோட்டத்தில் கூலி இல்லை. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் (இன்றைய தாய்லாந்து) வந்த அரிசி குறைந்தது. மரவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டு, துணிக்குப் பதில் சாக்கைக் கட்டிக்கொண்டு சனங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தச் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள்மேல்தான் ஜப்பானியரின் கண் விழுந்தது. பர்மாவில் இருந்த படைக்குச் சரக்கு அனுப்பக் கடல்வழி ஆபத்தாகிவிட்டது. தாய்லாந்தின் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசாயட் வரை, காடும் மலையும் குடைந்து, 415 கிலோமீட்டர் ரயில்பாதை போடத் தீர்மானித்தார்கள். 60,000-க்கு மேற்பட்ட போர்க்கைதிகள் ஒருபக்கம். அவர்களைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் மறுபக்கம். மலேயாவிலிருந்து மட்டும் 75,000-க்குக் குறையாமல் போனார்கள் என்பது கணக்கு, அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். மூன்று மாத ஒப்பந்தம், நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு இலவசம் என்றுதான் முதலில் கூப்பிட்டார்கள். போனவன் திரும்பவில்லை என்று தெரிந்ததும் யாரும் வரவில்லை. அதன்பின் இலவசப் படம் போடுகிறோம் என்று கொட்டகைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். சாலையில் நடந்தவனை லாரியில் ஏற்றினார்கள். பெண்டாட்டி பிள்ளையோடு போன குடும்பங்களும் உண்டு.

டன்லப் ஏறத்தாழ 900 கைதிகளுக்குத் தலைவராக 1943 ஜனவரியில் ஜாவாவிலிருந்து சிங்கப்பூர் வழியாகத் தாய்லாந்து வந்தார். இரும்புச் சரக்குப் பெட்டியில் முப்பது பேர் வீதம் அடைத்து நாலைந்து நாள் பயணம். மலேயா முழுக்க ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே அந்த ரயில் போனது. அதே பாதையில், அதே மாதிரிப் பெட்டியில், அடுத்தடுத்த மாதங்களில் அந்தத் தோட்டத்துச் சனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். கோன்யூவில் முதல் முகாம். பிறகு ஹின்டோக். நரக நெருப்புக் கணவாய் என்று இப்போது உலகமே சொல்லும் பாறை வெட்டு அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒருவர் உளிக்கம்பியைப் பிடிக்க, இன்னொருவர் சம்மட்டியால் அடித்துத் துளை போட்டு, வெடி வைத்து, உடைந்த கல்லைக் கையால் கூடையில் அள்ளினார்கள். ராத்திரியில் தீப்பந்த வெளிச்சத்தில் வேலை நடந்தது. அந்தக் காட்சிதான் கணவாய்க்கு அந்தப் பெயர் கொடுத்தது. இந்த நீளத்தில் தமிழர் கூலி முகாம்களும் இருந்தன.

1943 மழையோடு காலரா வந்தது. ஆற்றோரமாக மேலிருந்து கீழே முகாம் முகாமாக இறங்கியது. காலரா கண்டவனின் உடம்பிலிருந்து சில மணி நேரத்தில் லிட்டர் கணக்கில் தண்ணீர் போய்விடும். கண் குழிந்து, குரல் அடங்கி, விரல் தோல் சுருங்கிவிடும். ரத்தக் குழாயில் உப்புநீர் ஏற்றினால் பிழைப்பான். காட்டில் உப்புநீருக்கு எங்கே போவது? கைதிகளே வடிகலம் செய்தார்கள். ஜப்பானியரின் லாரியிலிருந்து திருடிய செம்புக் குழாய், பெட்ரோல் டின், மூங்கில். ஆற்று நீரைக் காய்ச்சி வடித்து, சமையல் உப்பைக் கரைத்து, பாட்டிலில் நிரப்பித் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். நரம்புக்குள் செருகச் சீவிய மூங்கில் ஊசி. பாட்டிலுக்கும் ஊசிக்கும் நடுவில் ஒரு குழாய் வேண்டும். வளைய வேண்டும், ஒழுகக் கூடாது, கொதிநீரில் போட்டாலும் கெடக் கூடாது. மருத்துவர்கள் தங்கள் ஸ்டெதஸ்கோப்பை அறுத்து அந்த ரப்பர்க் குழாயைப் பயன்படுத்தினார்கள்.

பாலின் பயணத்தில் நான் மிகவும் மதிக்கும் இடம் இது. பிரேசில் விதை, மலேயா மரம், தமிழர் வெட்டு, ஐரோப்பிய ஆலை, மருத்துவரின் கழுத்து என்று சுற்றி வந்து, ஹின்டோக்கின் மழைச் சேற்றில் ஒரு மனிதனின் கணுக்காலில் உப்புநீராக இறங்கியது. சிங்கப்பூரின் சாங்கி முகாமில் இருந்த கைதிகள் ரப்பர்ப் பாலை உறைய வைத்துச் செருப்புக்கு அடி போட்டுக்கொண்டார்கள். ஹின்டோக்கில் அதுவும் இல்லை. பூட்ஸ் இற்றுப்போய் வெறுங்காலில் நடந்தவர்களுக்கு மூங்கில் கீறிய காயம் புண்ணாகி, புண் எலும்பு வரை தின்று, காலை எடுக்க வேண்டியதாயிற்று. அறுவைக்குச் சமையற்கட்டு ரம்பமும் உதவியது. டன்லப் நின்றே வெட்டினார். தனக்கும் காலில் புண், வயிற்றில் அமீபா, மலேரியா.

ஆனால் அவருடைய பெருமை கத்தியில் மட்டும் இல்லை. ஒவ்வொரு விடியலிலும் ஜப்பானிய எஞ்சினீயர் இத்தனை ஆள் வேண்டும் என்று கேட்பான். நோயாளியை வரிசையில் நிறுத்தாமல் காப்பது டன்லப்பின் வேலை. வாதாடுவார், அடி வாங்குவார், மறுநாளும் வாதாடுவார். அதிகாரிகளுக்கு ஜப்பானியர் கொடுத்த சிறு சம்பளத்தில் பெரும்பகுதியை வாங்கிப் பொது நிதி சேர்த்தார். முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். அவர் விடவில்லை. அந்தக் காசில் காஞ்சனபுரி வியாபாரி பூன்பாங்கின் படகிலிருந்து வாத்து முட்டையும் மருந்தும் வந்தன. பூன்பாங் உயிரைப் பணயம் வைத்து உதவிய தாய்லாந்துக்காரர். ஒரு நாளைக்கு ஒரு முட்டை கிடைத்தவன் பிழைத்தான் என்று சொல்லக்கூடிய காலம் அது. இதையெல்லாம் டன்லப் ஒளித்து ஒளித்து நாட்குறிப்பில் எழுதி வந்தார். ரே பார்க்கின் என்ற மாலுமிக் கைதி வரைந்த படங்களையும் அவரே ஒளித்துக் காத்தார்.

தமிழர் முகாமில் இதில் ஒன்றுமே இல்லை. அதுதான் என்னை நெடுநாளாக வருத்துகிறது. அங்கே பொது நிதி கிடையாது, டன்லப் போல ஒரு கர்னல் கிடையாது, நோயாளிக்காக வாயைத் திறக்க ஆள் கிடையாது. ஒரே லயத்திலிருந்து வந்தவர்கள்கூட வெவ்வேறு முகாமுக்குப் பிரிந்துபோனார்கள். காய்ச்சாத ஆற்று நீரைக் குடித்தார்கள். காலரா வந்ததும் பயந்து காட்டுக்குள் ஓடினார்கள், காட்டிலேயே செத்தார்கள். செத்தவர்களோடு உயிர் இருந்தவர்களையும் சேர்த்துக் குழியில் தள்ளியதாகத் திரும்பி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1943 நடுவில் சாவு அளவுக்கு மீறிப் போனபின்தான் ஜப்பானியர் சாங்கியிலிருந்து கே ஃபோர்ஸ், எல் ஃபோர்ஸ் என்று இரண்டு மருத்துவக் குழுக்களைக் கூலிகளின் முகாம்களுக்கு அனுப்பினார்கள். சில நூறு பேர் கொண்ட குழுக்கள், கையில் மருந்து கிடையாது.

1943 அக்டோபரில் இரண்டு பக்கத்துத் தண்டவாளமும் சேர்ந்தன. போர்க்கைதிகளில் 12,000-க்கு மேல் இறந்திருந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் 90,000 பேர் வரை என்று மதிப்பிடுகிறவர்கள் உண்டு, அதற்கும் மேல் என்பவர்களும் உண்டு. தலை எண்ணி எழுதியவர் இல்லாததால் வந்த இடைவெளி இது. வித்தியாசம் உடல்வலுவில் மட்டும் இல்லை. கட்டுக்கோப்பும், காய்ச்சிய தண்ணீரும், தலைமை தாங்கி எதிர்த்துப் பேசும் மருத்துவர்களும் ஒரு பக்கம் இருந்தார்கள், மறுபக்கம் இல்லை. டன்லப் போன்றவர்கள் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று அறிய அவர் முகாமைப் பார்த்தால் போதாது. அவரைப் போல ஒருவர் இல்லாத பக்கத்து முகாமையும் பார்க்க வேண்டும்.

பாதை முடிந்தபின் டன்லப் தார்சாவ், சுங்காய் முகாம்களிலும், கடைசியில் நக்கோன் பாத்தோமில் கைதிகளுக்கான பெரிய மருத்துவமனையிலும் அறுவை செய்தார். 1945-ல் விடுதலை. ஊர் திரும்பி, போருக்குமுன் நிச்சயித்திருந்த ஹெலன் பெர்குசனை நவம்பரில் மணந்தார். மெல்பர்னில் உணவுக்குழாய்ப் புற்றுநோய் அறுவையில் பேர்பெற்றார். 1947-ல் ஓ.பி.இ., 1965-ல் சி.எம்.ஜி., 1969-ல் ‘சர்’ பட்டம், 1987-ல் ஆஸ்திரேலியாவின் உயரிய ஏ.சி. விருது. கொழும்புத் திட்டத்தின் கீழ் தாய்லாந்திலும் இலங்கையிலும் இந்தியாவிலும் வேலை செய்தார். 1969-ல் தென் வியட்நாமுக்கு அறுவை மருத்துவக் குழுவைக் கூட்டிக்கொண்டு போனார். தாய்லாந்து மருத்துவர்கள் ஆஸ்திரேலியாவில் பயிற்சி பெற அவர் பெயரும் பூன்பாங் பெயரும் சேர்த்து ஒரு நிதி நடக்கிறது.

நாட்குறிப்பை அவர் நாற்பது வருஷம் வெளியிடவில்லை. இறந்தவர்களின் குடும்பங்கள் படித்து நொந்துபோவார்கள், பகை வளரும் என்று நினைத்தார். 1986-ல்தான் அச்சில் வந்தது. 1991-ல் கான்பெராவில் ஒரு கருத்தரங்கு. ஹின்டோக்கில் காவலாளியாக இருந்து, போருக்குப்பின் மரண தண்டனை பெற்று, அது சிறைத்தண்டனையாகக் குறைக்கப்பட்டு வெளியே வந்த கொரியர் ஈ ஹாக் நே அங்கே வந்தார். டன்லப்பிடம் நேரில் மன்னிப்புக் கேட்டார். ஒரு பாக்கெட் கடிகாரத்தைக் கையில் கொடுத்தார். டன்லப் வாங்கிக்கொண்டார்.

1993 ஜூலை 2-ல், 86-வது பிறந்தநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது இறந்தார். மெல்பர்ன் செயின்ட் பால் பேராலயத்தில் அரசு மரியாதை. தெருவில் ஆயிரக்கணக்கானோர் நின்றார்கள். அஸ்தியில் ஒரு பகுதியை நரக நெருப்புக் கணவாயில் தூவினார்கள். 1995-ல் ஆஸ்திரேலியாவின் ஐம்பது காசு நாணயத்தில் அவர் முகம் வந்தது. 2008-ல் ஆஸ்திரேலிய ரக்பியின் புகழ்க்கூடத்தில் இடம். 2011 முதல் இரு அணிகள் அவர் பெயரில் ஒரு கேடயத்துக்கு ஆடத் தொடங்கின. ஒவ்வொன்றுக்கும் அவர் தகுதியானவர்.

காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 கல், பெரும்பாலானவற்றில் பேர், வயது, படைப்பிரிவு, சுற்றிலும் வெட்டிவிட்ட புல். கூலிகளாக வந்த தமிழர்களுக்கு அங்கே கல் கிடையாது. தமிழர்களின் எலும்புகள் கிடைத்த இடங்களில் ஒன்று அதே ஊரின் வாட் தாவோன் வராராம் புத்த கோயில். 2023-ல் மலேசியத் தமிழர்கள் அங்கே நடுகல் எழுப்பினார்கள். தமிழ்நாடு அரசும் நிதி கொடுத்தது. போர் முடிந்து எழுபத்தெட்டு வருஷம் கழித்து. அதற்குமுன் இதை நினைவில் வைத்திருந்தவர்கள் எழுத்தாளர்கள்தான். ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ எழுதினார், அ. ரெங்கசாமி ‘நினைவுச்சின்னம்’ எழுதினார். இரண்டும் மலேசியாவிலிருந்து வந்தவை. தாய் ஊரிலிருந்து இதற்கு ஈடான ஒரு நூல் வந்திருக்க வேண்டும்.

ரப்பர் தன் பயணத்தைத் தொடர்கிறது. மலேசியாவில் பல தோட்டங்களை அழித்து எண்ணெய்ப்பனை வைத்துவிட்டார்கள், தமிழர்களில் பெரும்பாலோர் லயங்களைவிட்டு நகரத்துக்குப் போய்விட்டார்கள். வெள்ளரிப்பட்டியில் இன்று டயராகும் ரப்பரில் கேரளத்தின் பாலும், குமரி மாவட்டத்தின் பாலும், கடல் கடந்து வந்ததும் கலந்திருக்கும். சயாமுக்குப் போனவர்களின் பேர் மட்டும் எங்கும் ஒரே இடத்தில் இல்லை. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்து வீடுகளில் ‘தாத்தாவின் அண்ணன் மலேயா போனார், சப்பான்காரன் சண்டையில் தகவல் நின்றுபோச்சு’ என்று சொல்லும் கிழவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் உட்கார்ந்து நாலு விஷயம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்: பேர் என்ன, எந்த ஊர், எந்தத் தோட்டம், கடைசிக் கடிதம் எந்த வருஷம். ஊராட்சி நூலகமோ, கல்லூரி வரலாற்றுத் துறையோ, தமுக்கம் பக்கத்தில் உள்ள காந்தி அருங்காட்சியகமோ அந்தப் பட்டியலை வாங்கி வைக்கலாம். கிழவர்களுக்கு எண்பது தாண்டிவிட்டது. இந்த வருஷமே தொடங்க வேண்டும்.